கீழ்ப் படுக்கையில் வந்த வாசனை

கேள்வி: நாங்கள் காட்பாடி காந்தி நகரில் குடியிருக்கிறோம். என் கணவர் பணி ஓய்வு பெற்றதும் பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, ஊர் ஊராகப் போய்த் தங்குவதற்காக உள்ளே படுக்கை, அடுப்பு மேடை எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறார். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில், இன்வெர்ட்டருக்கும் அதன் பேட்டரிக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கேஸ் கசிந்தால் ஒலிக்கும் அலாரத்தைக் கூரையில் பொருத்தியிருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய கொழுந்தனார், கேஸில் ஓடும் சிறிய ஃபிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். போன மாதம் ஏலகிரியில் ஓர் இரவு வேனிலேயே தூங்கினோம். விடியற்காலையில் எனக்குக் கேஸ் வாசனை வந்தது. மேல் படுக்கையில் இருந்த கணவரும் கொழுந்தனாரும் "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, அது புது டியூபின் வாசனை" என்கிறார்கள். கீழே என் பக்கத்தில் படுத்திருந்த மாமியாருக்கும் தெரியவில்லை. அலாரமும் ஒலிக்கவில்லை. அடுத்த முறை குளிருக்கு அடுப்பைச் சிம்மில் எரியவிட்டுத் தூங்கலாம் என்றும் பேசுகிறார்கள். வரும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிளம்ப வேண்டும். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. அன்றிரவு அந்த வேனுக்குள் உண்மையைச் சொன்னது உங்கள் மூக்கு ஒன்றுதான். இதைப் படித்ததும் வேனின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து அரை மணி நேரம் அப்படியே விடச் சொல்லுங்கள். எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம், வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிறகு ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடியைப் போட்டு, வெளியே எடுத்து நிழலில் நிறுத்தி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மேல் படுக்கைக்கு வராத வாசனை உங்களுக்கு மட்டும் ஏன் வந்தது என்பதில்தான் உங்கள் கடிதம் முழுவதற்கும் பதில் இருக்கிறது. நம் சமையல் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் புகைபோல மேலே போகாது. குடத்திலிருந்து கவிழ்த்த தண்ணீர்போலக் கீழே இறங்கி, தரையில் பரவி, பள்ளத்தைத் தேடிப்போய்த் தேங்கும். வீட்டில் வாசற்படிக்கு மேலேயும் கதவிடுக்கிலும் அது வெளியேற ஏதாவது வழி இருக்கும். வேனோ நான்கு பக்கமும் தகடு அடித்த பெட்டி. மழைத் தண்ணீரும் தூசியும் வரக் கூடாது என்று உங்கள் கணவர் பார்த்துப் பார்த்து அடைத்த இடுக்குகள் வாயுவையும் உள்ளேயே நிறுத்திவிட்டன. அது தரையில் தேங்கியிருந்தது, உங்கள் தலையணை அதன் மட்டத்தில் இருந்தது. மேலே படுத்தவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அவர்கள் உயரத்துக்கு அது ஏறவில்லை.

எரிவாயுவுக்கு இயற்கையாக மணம் கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்த்து அந்த வாடையை உண்டாக்குகிறார்கள். தீப்பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் கலந்தாலே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்த மூக்கு ஆரோக்கியமானதாக இருக்க வேண்டும். வயதாக ஆக நுகரும் சக்தி குறைகிறது, சளி பிடித்தால் போய்விடுகிறது, ஒரே வாடையில் வெகுநேரம் இருந்தால் பழகிப்போகிறது. உங்கள் மாமியாருக்குத் தெரியாததை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதை உங்கள் கணவரிடமும் காட்டுங்கள். படுக்கைக்கு அடியில் ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 750 லிட்டர் கொள்ளும். காற்றில் 2 சதவீத அளவுக்கு எரிவாயு கலந்தாலே பற்றிக்கொள்ளும். 750 லிட்டரில் 2 சதவீதம் 15 லிட்டர். 15 லிட்டர் வாயுவின் எடை சுமார் 35 கிராம்தான். பக்கத்தில் நிற்கும் சிலிண்டரில் இருப்பதோ 14,200 கிராம். இரவு முழுக்கக் கடுகளவு கசிந்தால் போதும்.

அந்த இடத்திலேயே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் பதறியது. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் 'டிக்' என்று மாறும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சிறு பொறி பறக்கிறது. நீங்கள் ஸ்விட்சைத் தொடாவிட்டாலும் அது தானாகவே மாறிக்கொள்ளும். வாயு தேங்கும் குழியிலேயே பொறிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் ஓட்டுநர் பக்கமோ பின்புறமோ தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் மின் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது, விளக்குகூட.

சிலிண்டரை எங்கே வைப்பது? வேனுக்குள் வைக்கவே வேண்டாம். வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி பக்கவாட்டில் ஒரு தகட்டு அறை செய்யச் சொல்லுங்கள். வேலூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைக்காரர்களுக்கு இது ஒரு நாள் வேலை. அந்த அறைக்கும் நீங்கள் தூங்கும் இடத்துக்கும் நடுவே ஊசி நுழையும் துவாரம்கூட இருக்கக் கூடாது. ஆனால் அதன் அடித்தளத்தில் கட்டாயம் திறப்பு வேண்டும். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு வகுத்திருக்கும் விதிப்படி, அடியில் மட்டும் திறப்பு வைத்தால் அது குறைந்தது 100 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து, ஏறக்குறைய உள்ளங்கை அகலம். கசிவது நேராகச் சாலையில் விழுந்து காற்றோடு போய்விடும். அந்தத் திறப்புக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சேறு அடைத்துக்கொள்ளும், குனிந்து பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். குளிருகிறது, தூசி வருகிறது என்று யாராவது அதில் சாக்கைத் திணித்துவிட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

அறைக்குள் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே டியூபுக்குள் வந்துவிடும், அந்தச் சுடரை அடுப்பு தாங்காது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ஏலகிரி சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கட்டாத சிலிண்டர் ஒரு முறை சாய்ந்து நிமிரும், ரெகுலேட்டரின் கழுத்து ஒரு முறை முறுக்கப்படும். அன்று வந்த கசிவு அங்கேதான் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

வீட்டுச் சிலிண்டரை வேனில் வைக்கவும் வேண்டாம். வீட்டு அடுப்புக்கென்று தரப்படுவதை வேறு இடத்தில் பயன்படுத்துவது விதிக்கு மாறானது. வேனுக்கு 14 கிலோ தேவையும் இல்லை. நான்கு பேருக்குக் காபி, உப்புமா, இரவு ரசம் சோறு என்றால் 5 கிலோ சிலிண்டர் பல நாட்களுக்கு வரும். அடையாள அட்டையைக் காட்டினாலே கேஸ் ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் 'சோட்டு' என்ற பெயரில் கிடைக்கிறது. அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். சந்துக் கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு ஏற்றித் தருவதை மட்டும் எந்த ஊரிலும், எந்த அவசரத்திலும் வாங்காதீர்கள். திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் முறையான ஆலையில் சிலிண்டரை 85 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. சந்துக் கடையில் அந்த அளவைப் பார்க்க ஆளில்லை. கழுத்துவரை நிரப்பியதை நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் கோட்டை மைதானத்தில் நிற்கும் வேனில் வைத்தால், உள்ளே திரவம் விரிய இடமின்றி அழுத்தம் கண்டபடி ஏறும்.

வாங்கும்போது சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தைப் பாருங்கள். 'டி-27' என்பதுபோல ஓர் எழுத்தும் எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. எழுத்து ஆண்டின் காலாண்டு. ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் ஆண்டு. அந்தக் கெடு தாண்டியிருந்தால் வேறு சிலிண்டர் கேளுங்கள். மூடியைக் கழற்றியதும் வால்வின் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி கிளம்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள். கொண்டுவந்தவர் மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் சிலிண்டரையே திருப்பிக் கொடுங்கள்.

இனி டியூப். முப்பது ஆண்டுகளாக வேலூரில் கேஸ் இணைப்புகளைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். வண்டிகளில் நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை அடுப்பிலோ சிலிண்டரிலோ இருக்கவில்லை, இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தன. குடியாத்தம் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர் ஒருவரின் வேனை ஒரு முறை பார்த்தேன். வாசனை வருகிறது, இடம் தெரியவில்லை என்று இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். செப்புக் குழாய் நன்றாகத்தான் போடப்பட்டிருந்தது. சோப்பு நுரையைக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனேன். எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் குழாய் ஒரு தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் நுரை வைத்தேன். சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு குமிழி மெல்ல எழுந்து, மிளகளவு ஆகி, சுண்டைக்காய் அளவு ஆகி, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. தகட்டின் விளிம்பு, வண்டி அதிர அதிர, செம்பை ரம்பம்போல அறுத்திருந்தது. அந்தத் துளையில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. அவருடைய இரண்டு பையன்களும் அந்த வேனில்தான் இரவு தூங்குவார்கள்.

உங்கள் வேனில் குழாய் தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் டியூப் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக இருக்கட்டும். அதன் ஆயுள் 5 ஆண்டு. ஓடுகிற வண்டியில் அவ்வளவு காலம் நான் விடமாட்டேன். நடுவில் ஒட்டுப்போட்ட டியூப் வேண்டாம், படுக்கைக்கு அடியில் மறைந்து போகும் டியூபும் வேண்டாம். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களை உங்கள் வேன் பக்கமே விடாதீர்கள்.

அலாரத்தை இறக்கித் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்துங்கள். கூரையில் மாட்டினால், அங்கே வாயு எட்டும்போது உங்கள் தலையணை அதற்குள் மூழ்கி வெகுநேரம் ஆகியிருக்கும்.

குளிருக்கு அடுப்பை எரியவிடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. முன்னே சொன்னது கசியும் வாயுவின் ஆபத்து, இது எரியும் வாயுவின் ஆபத்து. மூடிய பெட்டிக்குள் அடுப்பு எரிந்தால், நான்கு பேரின் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவும் எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் நீலம் மாறி மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடை வெளியே விடும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம் தூக்கமாக வரும். தூங்குபவருக்கு எதுவுமே தெரியாது. மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தியை நாளிதழ்களில் நீங்களே படித்திருப்பீர்கள். கேஸ் அலாரம் இதைக் காட்டாது. கார்பன் மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் இருக்கிறது, அதை வாங்கிப் படுக்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். ஏலகிரிக் குளிருக்கு ஆளுக்கு ஒரு கம்பளி போதும். மாமியாருக்கு வெந்நீர்ப் பை கொடுங்கள்.

சமைக்கும்போதும் ஒரு ஜன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். திறந்தால் காற்று வந்து சுடரை அணைத்துவிடும், அணைந்த பர்னரிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே சுடர் அணைந்தால் தானாகவே வாயுவை நிறுத்தும் வசதியுள்ள அடுப்பாக மாற்றுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இந்தப் பட்டியலில் எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மின்சாரம் கிடைக்கும் இடத்தில் தங்கினால் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்துவிடுங்கள்.

கொழுந்தனார் கொண்டுவந்த ஃபிரிட்ஜின் பின்னால் இரவும் பகலும் ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டே இருக்கும். அதன் புகை வெளியே போகவும் காற்று வெளியிலிருந்து வரவும் வேனின் பக்கச் சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று திறப்பு இருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இவ்வளவையும் செய்வதைவிட பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜ் வாங்குவது மேல். கொழுந்தனாரின் ஃபிரிட்ஜைக் கேஸில் ஓடவிட்டபடி பெட்ரோல் பங்குக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள். பொதுவாகவே வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும், இரவு படுக்கும் முன்பும் மூட வேண்டும். ரெகுலேட்டரை மூடும் பொறுப்பை எல்லோருக்கும் பொதுவாக விடாமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பொறுப்பாக விட்ட இடத்தில் அவர் மூடியிருப்பார் என்று இவரும், இவர் மூடியிருப்பார் என்று அவரும் படுத்துவிடுவார்கள்.

மறுபடி வாசனை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். செல்போனை உள்ளே தொடாதீர்கள். கதவைத் திறந்து முதலில் மாமியாரை இறக்குங்கள். வெளியிலிருந்து சிலிண்டரை மூடுங்கள். வண்டி சரிவில் நின்றிருந்தால் மேட்டுப் பக்கம் போய் நில்லுங்கள், வாயு பள்ளத்தை நோக்கித்தான் உருளும். தள்ளிப் போனபிறகு 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கேஸ் கசிவுக்கென்றே இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் எண் அது. தீ என்றால் 101. தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் ஒன்றைக் கதவோரத்தில், வெளியே நின்று கை நீட்டினால் எட்டும்படி மாட்டுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டினால் நெருப்பைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும். இணைப்பில் தீ எரிந்தால் முதலில் வாயுவை நிறுத்த வேண்டும். வாயு வந்துகொண்டிருக்கும்போது சுடரை மட்டும் அணைத்தால் அது தேங்கி மறுபடி வெடிக்கும். அடுப்பு, வேனின் ஒரே கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் பின்பக்கமும் திறக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து உயிர்கள் போனதை உங்கள் கணவருக்கு நினைவுபடுத்துங்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு மூட்டிய விடியற்காலை அது. பெட்டி ஓடவில்லை, எதிலும் மோதவில்லை. அவர்களும் உங்களைப்போலக் கோயில் குளம் பார்க்கக் குடும்பமாகக் கிளம்பியவர்கள்தான்.

வேனின் உள்ளமைப்பை மாற்றியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்களா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைக் கேட்கிறது. இல்லையென்றால் நாளை ஏதாவது நேரும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

வரும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவதை நான் தடுக்கவில்லை, வேனில் சிலிண்டர் இல்லாமல் போங்கள். கிரிவல நாளில் அங்கே வண்டிகள் கண்ணாடியோடு கண்ணாடி உரச நிற்கும். உங்கள் வேனிலிருந்து இறங்கும் வாயு பக்கத்து வேனுக்கு அடியில் போய் நிற்கும், அங்கே யாராவது கற்பூரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஃபிளாஸ்க்கில் காபியும் தூக்கில் புளியோதரையும் எடுத்துப் போங்கள். மாமியார் காலையில் விளக்கேற்றும் வழக்கமுள்ளவராக இருந்தால், வேனுக்குள் வேண்டாம், இறங்கி மலையைப் பார்த்து ஏற்றட்டும். திரும்பி வந்ததும் தகட்டு அறை வேலையைத் தொடங்குங்கள். இப்போது வெளியே எடுத்து வைத்திருக்கும் சிலிண்டரின் பட்டையில் என்ன எழுத்து, என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். வால்வில் தண்ணீர் விட்டபோது குமிழி வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.